‘மோதல்’ என்னும் செய்திச்சொல்: பொன்பரப்பி நிகழ்வும் (2019) மேற்குக் கரை ஒப்பீடும்

ஆய்வுச்சுருக்கம்

2019ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நாளன்று அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தலித் குடியிருப்பு தாக்கப்பட்டது. அந்நிகழ்வைச் செய்தி ஊடகங்கள் சொல்லிய முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு தரப்பின் குடியிருப்புக்குள் மறுதரப்பினர் நுழைந்து நிகழ்த்திய வன்முறை, ‘இரு தரப்பினரிடையே மோதல்’ என்னும் வாய்பாட்டுக்குள் அடங்கும்போது அதன் திசை மறைந்துவிடுகிறது. இம்மறைப்பு வினைவடிவம், தொடக்கப்புள்ளி, இடப்பெயர் ஆகிய மூன்று வழிகளில் நடைபெறுவதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. பாலத்தீனத்தின் மேற்குக் கரையில் குடியேறிகள் கிராமத்தார்மீது நிகழ்த்தும் வன்முறை பற்றிய செய்திகளோடு ஒப்பிட்டு, நாளிதழ்களைச் சான்றாகக் கொள்ளும் வரலாற்று ஆய்வாளர் கைக்கொள்ள வேண்டிய வாசிப்பு முறையையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: பொன்பரப்பி, அரியலூர், பெரம்பலூர், நாளிதழ்ச் செய்திமொழி, சாதி வன்முறை, மேற்குக் கரை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்

முன்னுரை

தமிழகத்தின் அண்மைக்கால வரலாற்றை எழுதுவோர்க்கு நாளிதழ் தவிர்க்கவியலாத சான்று. சிற்றூர்களில் நிகழும் வன்முறைகளைப் பொறுத்தவரை, காவல்துறை ஆவணங்களும் நீதிமன்ற ஆவணங்களும் ஆய்வாளரின் கைக்கு எளிதில் எட்டுவதில்லை. பல நேரங்களில் நாளிதழின் மாவட்டப் பக்கமே முதற்சான்றாகவும் ஒரே சான்றாகவும் நின்றுவிடுகிறது. எனவே அப்பக்கத்தில் ஒரு நிகழ்வு எச்சொல்லால் குறிக்கப்படுகிறது என்பது இதழியலோடு முடிந்துவிடும் சிக்கலன்று. வரலாற்றெழுதியலின் சிக்கலும் ஆகும்.

‘மோதல்’ என்னும் சொல் இருவர் எதிரெதிரே வந்து முட்டிக்கொள்வதைக் குறிப்பது. இருபுறத்தும் ஏறத்தாழ ஒத்த விசை, இருபுறத்தும் ஒத்த பொறுப்பு என்னும் எண்ணம் அச்சொல்லுக்குள்ளேயே உள்ளது. ‘தாக்குதல்’ என்னும் சொல்லுக்கோ திசை உண்டு. தாக்கியவர் யார், தாக்கப்பட்டவர் யார் என்னும் வினாவை அது உடனே எழுப்பும். முதற்சொல்லைத் தேர்வதை நடுநிலை என்று செய்தித்துறை கருதுகிறது. அத்தேர்வு நடுநிலையானதன்று என்பதும், நிகழ்வைக் குறித்த ஒரு முடிவை அது முன்கூட்டியே வழங்கிவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

நிலமும் நிர்வாகமும்

பெரம்பலூர் மாவட்டம் 1995ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அரியலூர் 2001ஆம் ஆண்டு தனி மாவட்டமாகி, 2002ஆம் ஆண்டு மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. இவ்வாறு பிரிந்தும் சேர்ந்தும் வந்த இருமாவட்டங்களையும் தேர்தல் எல்லை இன்னும் பிணைத்து வைத்துள்ளது. குன்னம் சட்டமன்றத் தொகுதி பெரம்பலூர் மாவட்டத்தின் ஒரு பகுதியையும் அரியலூர் மாவட்டத்தின் செந்துறைப் பகுதியையும் உள்ளடக்கியது. பொன்பரப்பி இச்செந்துறை வட்டத்தைச் சேர்ந்த ஊர். குன்னம், அரியலூர், செயங்கொண்டம் ஆகிய மூன்று தொகுதிகளும், கடலூர் மாவட்டத்தின் புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் ஆகிய மூன்று தொகுதிகளும் சேர்ந்து சிதம்பரம் தனித் தொகுதி ஆகின்றன.

இவ்வெல்லை அமைப்பு செய்திப் பரவலையும் பாதிக்கிறது. அரியலூர், பெரம்பலூர் செய்திகள் நாளிதழ்களின் திருச்சிப் பதிப்பில் இடம்பெறுவன. அதே மக்களவைத் தொகுதியின் கிழக்குப் பகுதி வேறு பதிப்பின் வாசகப் பரப்பு. ஒரே வேட்பாளரின் பெயரால் ஓர் ஊரில் நிகழ்ந்த வன்முறை, அத்தொகுதியின் மறுபாதிக்கு வெளியூர்ச் செய்தியாகிவிடும் நிலை இதனால் உருவாகிறது.

இந்நிலப்பகுதியின் சமூக அமைப்பும் கருதத்தக்கது. காவிரிக் கழிமுகத்தின் பெரும் பண்ணைகளைப் போலன்றி, மானாவாரி நிலமும் முந்திரிக் காடும் சிறு உடைமைகளும் மிகுந்த பகுதி இது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் பின்னர் வந்து சேர்ந்தன. எனவே இங்கு நிகழும் சாதி வன்முறையைப் பண்ணையார்–கூலித் தொழிலாளர் முரண் என்னும் சட்டகத்தால் மட்டும் விளக்கவியலாது. வாக்குச் சாவடி, கட்சிக் கொடி, சின்னம், பொதுப்பாதை ஆகியவற்றில் தலித் மக்கள் சமநிலை கோருவதே பலமுறை வன்முறைக்கான தருணமாகியுள்ளது. சிதம்பரம் தொகுதியில் தொல். திருமாவளவன் முதன்முதலாகப் போட்டியிட்ட 1999ஆம் ஆண்டுத் தேர்தலின்போதும் தலித் குடிசைகள் எரிக்கப்பட்டன என்பது இத்தொடர்ச்சியை உணர்த்தும்.

2019 ஏப்ரல் 18

2019ஆம் ஆண்டுத் தேர்தலில் திருமாவளவன் சிதம்பரம் தொகுதியில் பானைச் சின்னத்தில் போட்டியிட்டார். அ.தி.மு.க. அணியில் பாட்டாளி மக்கள் கட்சி இடம்பெற்றிருந்தது. ஏப்ரல் 18 வாக்குப்பதிவு நாளன்று பொன்பரப்பியில் பானை ஒன்று சாலையில் போட்டு உடைக்கப்பட்டதைத் தொடர்ந்து வாய்ச்சண்டை எழுந்தது. பின்னர்த் திரளான கும்பல் தலித் குடியிருப்புக்குள் நுழைந்து வீடுகளையும் வாகனங்களையும் அடித்து நொறுக்கியது. ஏறத்தாழ 20 வீடுகள் சேதப்படுத்தப்பட்டன, பலர் காயமுற்றனர். தாக்குதலைக் காட்டும் கைப்பேசிக் காணொளிகள் அன்றே பரவின. பா.ம.க.வினரும் இந்து முன்னணியினரும் இதில் ஈடுபட்டதாக விடுதலைச் சிறுத்தைகள் கட்சி குற்றஞ்சாட்டியது. பா.ம.க. தரப்பு அதனை மறுத்து, முன்னதாக மாற்றுத்திறனாளி ஒருவர் தாக்கப்பட்டதே தொடக்கம் என்றது. தலித் வாக்காளர் பலர் அச்சத்தால் வாக்களிக்க இயலவில்லை என்று கூறி மறுவாக்குப்பதிவு கோரப்பட்டது. மே 19 அன்று தமிழகத்தில் 13 வாக்குச்சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடைபெற்றது. அவற்றுள் பொன்பரப்பி இல்லை. மே 23 அன்று முடிவு வெளியானபோது திருமாவளவன் 3,219 வாக்கு வேறுபாட்டில் வென்றார். ஒரு தொகுதியின் முடிவு சில ஆயிரம் வாக்குகளில் நின்ற தேர்தலில் ஒரு குடியிருப்பின் வாக்குரிமை என்ன பொருள் கொண்டது என்பதற்கு இவ்வெண்ணே சான்று.

தொடக்கத்தில் சினம் யாரால் மூண்டது என்பதில் இரு கூற்றுகள் உண்டு. ஆனால் வீடுகள் எந்தக் குடியிருப்பில் உடைந்தன என்பதில் இரு கூற்றுகள் இல்லை. முதலாவது ஐயத்துக்குரியது, இரண்டாவது ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ‘மோதல்’ என்னும் சொல் முதலாவதன் ஐயத்தை இரண்டாவதன்மீதும் படரவிடுகிறது. இதுவே அச்சொல்லின் அடிப்படைக் குறைபாடு.

மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 21 அன்று, இலங்கையில் ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகள் நிகழ்ந்தன. நாளிதழ்களின் முதற்பக்கங்கள் அங்குத் திரும்பின. எனவே முதல் இரு நாள்களில் வழங்கப்பட்ட பெயரே இந்நிகழ்வுக்கு நிலைத்த பெயராகும் வாய்ப்பு மிகுந்தது.

செய்திமொழியின் மூன்று கூறுகள்

முதலாவது, வினைவடிவம். தமிழ் வினைகள் பலவற்றுக்கு இரு வடிவங்கள் உண்டு. ‘வீடு எரிந்தது’ என்பதில் எரித்தவர்க்கு இடமே இல்லை. ‘வீட்டை எரித்தனர்’ என்பதில் எரித்தவரைச் சொல்லியாக வேண்டும். ‘கண்ணாடி உடைந்தது’, ‘கண்ணாடியை உடைத்தனர்’ என்பனவும் அவ்வாறே. செயப்படுபொருளையே செய்பவன்போல் நிறுத்திப் பேசும் வழக்கைத் தொல்காப்பிய வினையியலும் ஏற்கிறது. அன்றாடப் பேச்சில் இஃது இயல்பான சுருக்கம். வன்முறைச் செய்தியில் இது பொறுப்பை நீக்கும் கருவியாகிறது. ‘சேதமடைந்தன’, ‘சேதப்படுத்தப்பட்டன’, ‘சேதப்படுத்தினர்’ என்னும் மூன்றும் ஒரே நிகழ்வைச் சுட்டலாம். முதலாவதில் செய்தவர் இல்லை, இரண்டாவதில் ஒருவர் இருக்கிறார், ஆனால் மறைந்திருக்கிறார், மூன்றாவதில் வெளிப்படுகிறார். சாதி வன்முறைச் செய்திகள் முதலிரு வடிவங்களையே பெரிதும் நாடுகின்றன.

இரண்டாவது, தொடக்கப்புள்ளி. எந்த நிகழ்விலிருந்து செய்தி தொடங்குகிறதோ அதுவே காரணமாக வாசகர் மனத்தில் பதிகிறது. பானை உடைந்ததிலிருந்து தொடங்கும் செய்தி ஒரு கதையைச் சொல்லும். மாற்றுத்திறனாளி தாக்கப்பட்டதாகச் சொல்லப்படுவதிலிருந்து தொடங்குவது வேறொரு கதையைச் சொல்லும். 1999ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது முற்றிலும் வேறான ஒன்றைச் சொல்லும். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன. ஒரு கலப்புத் திருமணத்தையே அதற்குத் தொடக்கமாகக் கொண்ட செய்திகள், மூன்று ஊர்களின் அழிவை ஒரு குடும்பச் சிக்கலின் பின்விளைவாகச் சுருக்கிவிட்டன. அண்மைக் காரணம் பொய்யன்று. ஆனால் அது மட்டுமே காரணமாகும்போது நெடுங்காலக் காரணம் மறைகிறது.

மூன்றாவது, இடப்பெயர். ‘ஊர்’, ‘காலனி’ என்னும் பாகுபாடு செய்திமொழியில் இயல்பாகப் புழங்குகிறது. ‘ஊர்மக்கள்’ என்று செய்தி குறிப்பிடும்போது அதில் காலனி மக்கள் அடங்குவதில்லை என்பதைத் தமிழ் வாசகர் சொல்லாமலே அறிவர். தாக்கியவர் ‘ஊர்மக்கள்’, ‘பொதுமக்கள்’ என்று பொதுமைப்பட, தாக்கப்பட்டவர் ‘காலனியைச் சேர்ந்தோர்’ என்று தனிமைப்படுகின்றனர். ‘காலனி’ என்னும் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். இச்சொல் இழிவின் குறியீடாக மாறிவிட்டதை அரசே ஏற்றுக்கொண்டதற்கு இது சான்று.

‘பொதுமக்கள்’ என்னும் சொல்லின் ஆற்றலைக் காட்ட இதே ஊரிலிருந்து முந்தைய சான்று ஒன்றும் உண்டு. 1987 செப்டம்பர் 1 அன்று பொன்பரப்பியில் வங்கிக் கொள்ளை முயற்சியின்போது தமிழ்நாடு விடுதலைப் படையின் தலைவர் தமிழரசனும் அவர்தம் தோழர்களும் அடித்துக் கொல்லப்பட்டனர். பொதுமக்கள் கொள்ளையரை அடித்துக் கொன்றனர் என்பது நிலைபெற்ற விவரிப்பு. திரளில் சீருடையணியாக் காவலர் இருந்தனர் என்பது தமிழரசன் ஆதரவாளர்களின் நெடுங்காலக் குற்றச்சாட்டு. எது உண்மை என்பது இங்கு ஆய்வுப் பொருளன்று. ‘பொதுமக்கள்’ என்னும் எழுவாய் அமைந்தவுடன் அத்திரளில் யார் யார் இருந்தனர் என்னும் வினா அடங்கிவிடுகிறது என்பதே நோக்கத்தக்கது.

வாய்பாட்டின் தோற்றுவாய்

இவ்வாய்பாடு 2019இல் தோன்றியதன்று. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் குடிசையில் வைத்து எரித்துக் கொல்லப்பட்டபோது, தொடக்கச் செய்திகள் அதனை விவசாயத் தொழிலாளர் குழுக்களிடையே எழுந்த தகராறின் விளைவாகவே காட்டின; இறந்தோர் எண்ணிக்கையும் முதலில் 42 என்றே வெளியாயிற்று. பின்னர் 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட நிலவுடைமையாளரை விடுவித்தது. 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கம் நடத்திய ஒருவார சாலை மறியலில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டுக்கு 21 பேர் பலியாயினர். அது அரசியல் வரலாற்றில் உரிய இடத்தைப் பெற்றது. அதே வாரத்தில் வட தமிழகத்தின் பல ஊர்களில் எரிக்கப்பட்ட தலித் குடிசைகளோ அவ்வரலாற்றின் அடிக்குறிப்பாக ஒதுங்கின.

வாய்பாட்டுக்கு நல்லெண்ண அடிப்படையும் உண்டு என்பதை மறுக்கலாகாது. இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நடத்தை நெறிகள் சாதி, சமயப் பூசல்களைச் செய்தியாக்குவதில் கட்டுப்பாட்டையும் எச்சரிக்கையையும் வலியுறுத்துகின்றன. சாதி அடையாளத்தைக் கூடியவரை தவிர்க்குமாறு கூறுகின்றன. ஓர் ஊரின் தீ அடுத்த ஊருக்குப் பரவாமல் தடுப்பதே இதன் நோக்கம். ‘ஒரு தரப்பினர்’, ‘மற்றொரு தரப்பினர்’ என்னும் சொல்லாட்சி இந்நெறியின் நடைமுறை வடிவம். எனினும் சாதிப் பெயரை விடுவது வேறு. திசையை விடுவது வேறு. முன்னதைச் செய்யாமலே பின்னதைக் காக்க முடியும். ‘ஒரு தரப்பினர் குடியிருப்பில் மற்றொரு தரப்பினர் நுழைந்து தாக்கினர்’ என்னும் தொடரில் சாதிப்பெயர் இல்லை, திசை உண்டு.

தயாரிப்பு முறையும் இதில் பங்கு கொள்கிறது. மாவட்டப் பக்கத்துக்குச் செய்தி அனுப்பும் வட்டாரச் செய்தியாளர்க்குக் காவல்நிலையமே முதன்மை மூலம். அவர் அதே ஊர்ச் சூழலில் வாழ்பவர். பலர் விளம்பரம் சேர்க்கும் பொறுப்பையும் சுமப்பவர். மேல்நிலையிலும் நிலைமை மாறுபட்டதன்று. இந்திய மொழி நாளிதழ்களின் வளர்ச்சியை ஆராய்ந்த இராபின் ஜெஃப்ரி, செய்தியறைகளில் தலித்துகள் ஏறத்தாழ இல்லாமையை 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் சுட்டினார். ஆங்கில, இந்தி ஊடகங்களை முதன்மையாகக் கொண்டு ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, 121 தலைமைப் பொறுப்புகளுள் 106 உயர்சாதியினரிடம் இருந்ததையும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எவரும் அப்பொறுப்புகளில் இல்லாததையும் வெளிப்படுத்தியது.

மேற்குக் கரை: ஓர் ஒப்பீடு

திசையற்ற செய்திமொழி தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1967 முதல் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பில் உள்ள மேற்குக் கரையில், கிழக்கு எருசலேம் நீங்கலாக, ஏறத்தாழ 5 இலட்சம் இஸ்ரேலியக் குடியேறிகள் வாழ்கின்றனர். அண்டைப் பாலத்தீனக் கிராமங்களில் ஒலிவ மரங்களை வெட்டுதல், மந்தைகளை விரட்டுதல், வீடுகளுக்கும் வாகனங்களுக்கும் தீயிடுதல் ஆகியவை நெடுங்காலமாகப் பதிவாகி வருகின்றன. 2023 பிப்ரவரி 26 அன்று குடியேறிகள் இருவர் சுட்டுக்கொல்லப்பட்டதை அடுத்து, அன்றிரவே நூற்றுக்கணக்கான குடியேறிகள் ஹுவாரா என்னும் ஊருக்குள் நுழைந்து வீடுகளையும் வாகனங்களையும் எரித்தனர். இத்தகைய நிகழ்வுகளைப் பன்னாட்டு ஊடகங்கள் ‘மோதல்’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லால் குறிப்பது பரவலான வழக்கம். ஹுவாராவைப் பொறுத்தவரை, இஸ்ரேலிய இராணுவத்தின் அப்பகுதித் தளபதி யெஹுதா ஃபூக்ஸ் அதனை யூதர்களின் சொந்த வரலாற்றில் கொடிய நினைவைச் சுமந்த ‘பொக்ரோம்’ என்னும் சொல்லாலேயே குறிப்பிட்டார். ஒரு சிறுபான்மையின் குடியிருப்புமீது திரண்ட கும்பல் நிகழ்த்தும் அழிப்பு என்பது அச்சொல்லின் பொருள். ஊடகம் தயங்கும் இடத்தில் தளபதி திசையைச் சொன்னார்.

கிளாஸ்கோ ஊடகக் குழுவைச் சேர்ந்த கிரெக் ஃபிலோவும் மைக் பெர்ரியும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, பிரித்தானியத் தொலைக்காட்சிச் செய்திகளில் ஆக்கிரமிப்பின் வரலாறு பெரும்பாலும் விடுபட்டதையும், இஸ்ரேலின் செயல்கள் ‘பதிலடி’ எனவே சொல்லப்பட்டதையும் காட்டியது. அதன் விளைவாகப் பார்வையாளர் சிலர் ஆக்கிரமித்திருப்போர் பாலத்தீனரே என்று கருதினர். தொடக்கப்புள்ளியை மாற்றினால் திசை தலைகீழாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

சட்டத்தின் நிலையும் ஒப்புநோக்கத்தக்கது. குடியேறிகளின் வன்முறை குறித்த புலனாய்வுகளை 2005 முதல் கண்காணித்து வரும் யெஷ் தின் என்னும் இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பு, அவற்றுள் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை குற்றப்பத்திரிகை இன்றியே முடிக்கப்பட்டதாகப் பதிவு செய்துள்ளது. அங்குக் குடியேறிக்கு இஸ்ரேலியக் குடிமைச் சட்டம். கிராமத்தார்க்கு இராணுவ நீதிமன்றம்.

வேறுபாடுகளையும் மறத்தலாகாது. பொன்பரப்பியில் தாக்கியோரும் தாக்கப்பட்டோரும் ஒரே அரசின் குடிமக்கள், வாக்குரிமை உடையோர், அவர்களிடையே வந்தேறியோர் என எவருமில்லை. ‘காலனி’ என்னும் சொல்லே இவ்வேறுபாட்டைக் காட்டும். மேற்குக் கரையில் அச்சொல் அரசின் துணையோடு குடியேறியவரின் இடத்தைக் குறிக்கும். அரியலூரில் அது தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் இடத்தைக் குறிக்கும். மேலும், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இங்குத் திசையைத் தெளிவாகவே ஏற்கிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னுள்ள 3(1)(எல்) பிரிவின்படி, பட்டியல் சாதியினரை வாக்களிக்கவிடாமல் தடுப்பதும், குறிப்பிட்ட வேட்பாளர்க்கு வாக்களிக்குமாறு மிரட்டுவதும் வன்கொடுமை. 1995ஆம் ஆண்டு விதிகளின்படி மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நிகழ்விடத்தைப் பார்வையிட்டுப் பாதிக்கப்பட்டோரின் இழப்பை மதிப்பிட வேண்டும். துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலரே புலனாய்வு செய்ய வேண்டும். சட்டம் ‘வன்கொடுமை’ என்று பெயரிடக் கூடியதைச் செய்தி ‘மோதல்’ என்று பெயரிடுவதால், மேற்குக் கரையில் சட்டமே செய்யும் மறைப்பு இங்குச் செய்தியால் நிகழ்கிறது. இரு தரப்பினர்மீதும் வழக்குப் பதிந்து, எதிர்வழக்கைக் காட்டிச் சமாதானத்துக்கு நெருக்கும் நடைமுறைக்கு இச்சொல்லே பொதுக்கருத்துத் தளத்தை அமைத்துக் கொடுக்கிறது.

முடிவுரை

பொன்பரப்பி பற்றிய நாளிதழ் நறுக்குகள் இன்னும் பல்லாண்டுகள் ஆவணக் காப்பகங்களில் இருக்கும். உடைக்கப்பட்ட ஓடுகளும் வாகனங்களும் இரா. வருங்கால ஆய்வாளர் ஒருவர் தலைப்புச் செய்திகளைக் கொண்டு ‘சாதி மோதல்கள்’ எனப் பட்டியலிட்டால், ஒருவரை ஒருவர் தாக்கியவையும் ஒருவரே தாக்கியவையும் ஒரே எண்ணிக்கையில் சேரும். அப்பட்டியலிலிருந்து பெறப்படும் முடிவுகளும் அவ்வளவில் பிழைபடும்.

ஆதலின் இத்தகைய செய்திகளைச் சான்றாகக் கொள்ளுங்கால் நான்கு வினாக்கள் இன்றியமையாதவை. வினைக்கு எழுவாய் உண்டா? செய்தி எந்நிகழ்விலிருந்து தொடங்குகிறது? சேதம் எவர் குடியிருப்பில் நிகழ்ந்தது? செய்தியின் மூலம் காவல்துறையா, பாதிக்கப்பட்டவரா? இவற்றுள் மூன்றாவது வினாவே முதன்மையானது. சினத்துக்குக் காரணம் கூறுவோர் இருபுறத்தும் இருப்பர். உடைந்த வீடு ஒருபுறத்தில்தான் இருக்கும். அந்த இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினால், ‘மோதல்’ என்று அச்சான செய்தியிலும் தாக்குதலின் திசையை மீட்டெடுக்க இயலும்.